வாகன வைத்தியம்: புறப்படத் தயங்கும் சொகுசுக் கார்



மோட்டார் காரைப் பற்றிய புகார்கள் பல வகை. சத்தம் போடுகிறது என்பார்கள். புகை கக்குகிறது என்பார்கள். எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்பார்கள். இவற்றைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால் ஒரு புகாரை மட்டும் சொந்தக்காரர் மென்று விழுங்குவார். "பார்வைக்கு ராஜகுமாரன் மாதிரி இருக்கிறது, நின்ற இடத்திலிருந்து கிளம்பச் சொன்னால் மட்டும் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி எழுந்திருக்கிறது" என்பதுதான் அது. கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் காரை ஆசை ஆசையாக வாங்கியவர், அது கிளம்பத் திணறுகிறது என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வார்?

இந்த மாதம் அந்தப் புகாரைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். "எங்களுக்கு ஏது ஐயா அந்த மாதிரிக் கார்?" என்று தோட்டத்து வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பிள்ளையோ மருமகனோ பட்டணத்தில் பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கியிருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், இங்கே சொல்லும் காரணங்களில் முக்கால்வாசி தானியங்கிக் கியர் வைத்த எந்தக் காருக்கும் பொருந்தும்.

ஓர் உதாரணத்துக்காக, சிங்கப்பூரின் வடகோடியில் மார்சிலிங் வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் ஒரு தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். கல்யாணமாகி மூன்று ஆண்டு. நெடுநாள் ஆசைக்குச் சேர்த்து வைத்த பணத்தில், பழைய மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. கார் ஒன்றை வாங்குகிறார். பட்டனை அழுத்தினால் இரும்புக் கூரை தானாக மடிந்து பின்பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் அம்மாவுக்கும் பெருமை. ஆனால் ஒரு வாரத்துக்குள் தம்பியின் முகம் வாடிவிடுகிறது. சிவப்பு விளக்கு பச்சையானதும் பக்கத்தில் நின்ற டாக்சி போய்விடுகிறது, பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், இவருடைய கார் அப்போதுதான் யோசித்து யோசித்து நகர்கிறது. பலமாடிக் கார் நிறுத்தத்தின் சரிவில் நின்று கிளம்பும்போது இன்னும் மோசம். ஓட ஆரம்பித்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் மட்டும் ஒரு குறையும் இல்லை.

பட்டறைக்குப் போகிறார். "கியர் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று பதில் வருகிறது. கையிருப்போ காருக்கே போய்விட்டது. மனைவியின் நகையைப் பற்றி வீட்டில் பேச்சு எழுகிறது. இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமா?

டாக்சிக்குப் பின்னால் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆபத்து உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. நீங்கள் கிளைச்சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்புகிறீர்கள். உங்கள் கார் வழக்கத்தைவிட இரண்டு விநாடி தாமதமாகக் கிளம்பினால், எதிரே வருகிறவர் அதற்குள் 28 மீட்டர் நெருங்கிவிடுவார். ஒரு பேருந்தின் நீளம் சுமார் 12 மீட்டர். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் அதைவிட அதிகமான இடைவெளியை அந்த இரண்டு விநாடி விழுங்கிவிடுகிறது. "போய்விடலாம்" என்று மனம் போட்ட கணக்கு தப்பிவிடுகிறது. ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்தான். ஏனென்றால் சரியான காரணம் தெரியாமல் பழுது பார்ப்பது, காய்ச்சலுக்குக் காலை அறுப்பதற்குச் சமம்.

கிளம்புவதுதான் கடினம்

பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இழுப்பது மாடுகளுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. நின்ற வண்டியை முதல் அடி நகர்த்துவதுதான் பெரும்பாடு. வண்டிக்காரர் இறங்கிச் சக்கரத்தைத் தோள்கொடுத்துத் தள்ளுவது அந்த நேரத்தில்தான். காருக்கும் அதே கதைதான். எஸ்.எல்.கே. பார்க்கச் சின்னக் கார். எடையோ சுமார் 1,300 கிலோ. நின்ற நிலையிலிருந்து அந்த எடையை நகர்த்த, இயந்திரத்தின் இழுவையைப் பல மடங்காக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் முதல் கியர்.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் விளங்கும். 1996-ல் மெர்சிடிஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐந்து கியர் தானியங்கிப் பெட்டியில், நான்கு சிலிண்டர் கார்களுக்கு உரிய வகையில், முதல் கியர் இயந்திரத்தின் இழுவையை 3.93 மடங்காக்குகிறது. இரண்டாவது கியர் 2.41 மடங்குதான். அதாவது இரண்டாவது கியரில் கிளம்பினால், முதல் கியரில் கிடைக்கும் இழுவையில் நூற்றுக்கு 61 பங்கு மட்டுமே சக்கரத்துக்குப் போகிறது. நூறு ரூபாய் கூலிக்கு அறுபத்தொரு ரூபாய் கொடுத்தால் வேலையாள் எப்படி நடப்பார்? அப்படித்தான் காரும் நடக்கும்.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தம்பியின் கதையில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

காசு செலவில்லாத வைத்தியம்

மார்சிலிங் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1996 பிப்ரவரியில். எஸ்.எல்.கே. உலகுக்கு அறிமுகமானதும் அதே 1996-ல்தான். ஜெர்மனியின் பிரேமன் நகரத் தொழிற்சாலையில் செய்தார்கள். எஸ்.எல்.கே. என்ற மூன்று எழுத்துக்கும் ஜெர்மன் மொழியில் துடிப்பு, இலேசு, குட்டை என்று பொருள். 2004 வரை முதல் தலைமுறையும், 2011 வரை இரண்டாம் தலைமுறையும், பிறகு மூன்றாம் தலைமுறையும் வந்தன. 2016-ல் பெயரை எஸ்.எல்.சி. என்று மாற்றினார்கள். 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

முதல் தலைமுறைத் தானியங்கிக் காரில், கியர் தண்டின் அருகே ஒரு சின்னஞ்சிறு சுவிட்சு இருக்கும். அதில் "எஸ்" என்றும் "டபிள்யூ" என்றும் இரண்டு எழுத்துகள். "எஸ்" சாதாரண ஓட்டத்துக்கு. "டபிள்யூ" குளிர்காலத்துக்கு. ஐரோப்பாவில் பனி உறைந்த சாலையில் முதல் கியரில் கிளம்பினால், இழுவை அதிகமாகிச் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதைத் தவிர்க்கத்தான் "டபிள்யூ" பக்கம் தள்ளினால் கார் இரண்டாவது கியரில் கிளம்பும்படி செய்திருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறையில் அந்த எழுத்து "சி" ஆயிற்று. சொகுசான, அலுங்காத புறப்பாட்டுக்கு என்று பொருள். அதிலும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினாலொழிய இரண்டாவது கியரில்தான் கிளம்பும்.

சிங்கப்பூரில் பனி ஏது? வருஷம் முழுவதும் வெயிலும் மழையும்தான். ஆனால் காரைக் கழுவுகிறவர் துணியால் துடைக்கும்போது சுவிட்சு தட்டுப்பட்டு மாறலாம். மடியில் இருந்த குழந்தையின் விரல் பட்டு மாறலாம். பழைய சொந்தக்காரர் மாற்றி வைத்து அப்படியே விற்றிருக்கலாம். வாங்கியவருக்கு அப்படி ஒரு சுவிட்சு இருப்பதே தெரியாது.

நம் தம்பிக்கு ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்தில் தாய்மாமன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு தோட்டத்து லாரி ஓட்டியவர். கடற்பாலம் கடந்து அக்கா வீட்டுக்கு வந்தவரிடம் விஷயம் போகிறது.

"மாமா, கியர் பெட்டி போய்விட்டதாம். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்."

"இரு மருமகனே. ஓடும்போது நன்றாக ஓடுகிறதா?"

"விரைவுச்சாலையில் பறக்கிறது மாமா. கிளம்பும்போதுதான் சண்டித்தனம்."

"அப்படியானால் இயந்திரத்துக்கு நோவு இல்லை. பாரம் ஏற்றிய லாரியை நான் இரண்டாவது கியரில் எடுத்தால் எப்படி முனகுமோ, அப்படி முனகுகிறது உன் கார். எந்தக் கியரில் கிளம்புகிறது என்று முதலில் பார்."

படிக்காத மேதை என்பது இதுதான். அவர் எஸ்.எல்.கே.யைத் தொட்டவர் அல்ல. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. "எப்போது சோர்வு? எப்போது நலம்?" என்று பிரித்துக் கேட்பதே வைத்தியத்தின் முதல் படி. மனிதனுக்கும் அப்படித்தான், மோட்டாருக்கும் அப்படித்தான்.

சுவிட்சோடு இன்னொன்றையும் பாருங்கள். ஓட்டுநர் காலடியில் விரித்திருக்கும் விரிப்பு சுருண்டு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு அடியில் போயிருக்கிறதா? தடித்த விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பைப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது மிதி அடிவரை போகாது. தானியங்கிக் காரில் மிதியை அடிவரை அழுத்தினால்தான் கியர் கீழிறங்கி முழு வேகம் கொடுக்கும். அந்த அடிமட்டத்துக்குப் போக வழியில்லாமல் விரிப்பு தடுத்தால், "எண்ணெய் அழுத்தியும் போகவில்லை" என்றுதான் தோன்றும்.

பிறவிக் குணமும் உண்டு

இதைவிடப் பழைய மெர்சிடிஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களில் வந்த நான்கு கியர் தானியங்கிகள் பலவும், மெதுவாக அழுத்தினால் இரண்டாவது கியரில்தான் கிளம்பும். செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரின் கையிலிருக்கும் தேநீர் தளும்பக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். மிதியை முழுக்க அழுத்தினால் முதல் கியருக்கு இறங்கும். அந்தக் காரைக் குறை என்று பட்டறைக்குக் கொண்டுபோவது, யானை ஓடவில்லை என்று வைத்தியரிடம் காட்டுவது போல.

இன்னொரு மனமயக்கமும் இந்தக் காலத்தில் உண்டு. இப்போது சாலையில் மின்சாரக் கார்கள் பெருகிவிட்டன. மின்சார மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கைவசம் இருக்கும். பெட்ரோல் இயந்திரமோ சுற்று ஏறினால்தான் பலம் காட்டும். இருபது ஆண்டுப் பழைய கார் ஒரு புதிய மின்சாரக் காருக்குப் பக்கத்தில் நின்று கிளம்பினால் சோம்பேறியாகத்தான் தெரியும். அது நோய் அல்ல. முதல் தலைமுறை எஸ்.எல்.கே. 200-ன் சாதாரண வகைக்கு 136 குதிரைசக்திதான். 230 கொம்ப்ரெசர் வகைக்கு 193. பெயர்ப்பலகை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் குதிரைகளின் எண்ணிக்கை வேறு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

கியர் பெட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ளும்போது

சுவிட்சு சரியாக இருக்கிறது, விரிப்பும் சரி, ஆனாலும் கார் இரண்டாவது கியரிலேயே கிளம்புகிறது, மேலே மூன்றாவதுக்கும் ஏற மறுக்கிறது என்றால் கதை வேறு. இந்த வகைப் பெட்டியை ஒரு கணினிப் பெட்டி ஆள்கிறது. ஏதாவது ஒரு தகவல் தவறாக வந்தால், பெரிய சேதம் வராமல் இருக்க, அது பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். இயந்திரத்தை நிறுத்தி மறுபடி எடுத்தால் இரண்டாவது கியரும் பின்கியரும் மட்டும் கிடைக்கும். வீடு போய்ச் சேரட்டும் என்று கொடுத்த கடைசிச் சலுகை அது.

இப்படி ஆவதற்கு நன்கு அறியப்பட்ட காரணம், பெட்டிக்குள்ளே இருக்கும் மின்தகடு. சுழலும் வேகத்தை அளக்கும் உணரிகள் அதில்தான் இருக்கின்றன. அவை பழுதானால் கணினி குழம்பிவிடும். இன்னொரு காரணம், 13 ஊசிகள் கொண்ட மின்செருகியின் வளையம் தேய்ந்து, கியர் எண்ணெய் மின்கம்பி வழியே ஊறி ஏறுவது. இந்த இரண்டுக்கும் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. தகட்டை மாற்றலாம், செருகியை மாற்றலாம், எண்ணெயையும் வடிகட்டியையும் புதிதாகப் போடலாம். முழுப் பெட்டியின் விலைக்கும் இந்த வேலையின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே "பெட்டி போய்விட்டது" என்று சொல்கிறவரிடம், "கணினிக் கருவியை மாட்டிப் பார்த்தீர்களா? என்ன குறியீடு வந்தது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல பட்டறைத் தவுக்கே இதற்குக் கோபப்பட மாட்டார்.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்கு ஊற்றிய எண்ணெய் ஆயுள் முழுவதும் போதும் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு மாற்றச் சொன்னார்கள். வெயில் நாட்டில் நெரிசலில் ஊர்ந்து ஓடும் காருக்கு அது மிகவும் அவசியம். பெட்டிக்கு அளவுகோல் கம்பி வெளியே கிடையாது. மூடியைப் பூட்டி வைத்திருப்பார்கள். சரியான சூட்டில் வைத்துப் பட்டறைக் கம்பியால் அளக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

எண்ணெய்க்குள் சுழலும் விசிறிகள்

தானியங்கிக் காரில் கிளச்சு மிதி இல்லை அல்லவா? அதற்குப் பதிலாக இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த ஓர் உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். அதே தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சக்கரம் இருக்கிறது. கிளம்பும் நேரத்தில் இது பூட்டிக்கொண்டு நின்று, எண்ணெயைத் திருப்பி அடித்து, இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். வேகம் பிடித்ததும் பூட்டு விட்டுக்கொடுத்து இதுவும் கூடவே சுழலும்.

அந்தப் பூட்டு தேய்ந்து வழுக்கினால் என்ன ஆகும்? கிளம்பும்போது இரண்டு மடங்கு கிடைக்காது. வேகம் பிடித்த பிறகு குறையே தெரியாது. நம் தம்பி சொன்ன அடையாளமும் இதுதானே! ஆகவே முதலில் சுவிட்சு, பிறகு கணினிக் குறியீடு, அப்புறம்தான் இது. பிரேக்கை அழுத்திக்கொண்டு எண்ணெயையும் அழுத்தி, இயந்திரம் எத்தனை சுற்று ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். சில விநாடிக்கு மேல் நீடித்தால் எண்ணெய் கொதித்துப் பெட்டி கெட்டுவிடும். நீங்கள் வீட்டடியில் செய்து பார்க்க வேண்டாம்.

மூச்சுத் திணறல்

எல்லா வேகத்திலும் சோர்வு என்றால், காருக்கு மூச்சு சரியாக இல்லை என்று பொருள். இயந்திரம் உயிர் வாழ்வது காற்றில். உள்ளே போகும் காற்றை அளக்க, சூடான மெல்லிய தகடு கொண்ட ஓர் உணரி இருக்கிறது. அது அழுக்கேறி முதுமை அடைந்தால், வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும். கணினி அதை நம்பி பெட்ரோலைக் குறைத்து ஊற்றும். பாதிச் சாப்பாட்டில் முழு வேலை கேட்டால் யாரால் முடியும்? உணரியின் மின்செருகியைத் தற்காலிகமாகக் கழற்றினால் கணினி தன் மனக்கணக்கில் ஓட்டும். அப்போது கார் முன்னைவிட நன்றாக ஓடினால், குற்றவாளி அந்த உணரியாக இருக்கக்கூடும். மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை.

"கொம்ப்ரெசர்" என்று பின்னால் எழுதியிருக்கிறதே, அது காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. மெர்சிடிஸ் 1920-களிலேயே இதைக் கார்களில் வைத்தது. நெடுங்காலம் கழித்து 1995-ல் மறுபடி கொண்டுவந்தது. இயந்திரத்தின் வார்ப்பட்டை இதைச் சுழற்றுவதால், கிளம்பும்போதே உதவிக்கு வரும். முதலில் வந்த வண்டிகளில் இதை இணைக்க மின்காந்தக் கிளச்சு ஒன்றும் இருந்தது. வார் தளர்ந்தாலோ, அந்தக் கிளச்சு பிடிக்காவிட்டாலோ, காற்றுக்குழாய் வெடித்திருந்தாலோ, திணித்த காற்று உள்ளே போகாது. மூன்றாம் தலைமுறையில் இதற்குப் பதில் டர்போ வந்தது. அதைச் சுழற்றுவது வெளியேறும் புகை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புகை பெருகினால்தான் டர்போ வேகமெடுக்கும். ஆகவே மிதித்ததற்கும் பாய்வதற்கும் நடுவே ஒரு கணம் தாமதம் இருப்பது இயல்பு. ஒரு கணம் என்றால் இயல்பு. மூன்று நான்கு விநாடி என்றால் நோய்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 15 பாகை குளிர்ச்சியில் இருக்கும் காற்றைவிட, 32 பாகை வெப்பக் காற்று நூற்றுக்கு ஐந்தாறு பங்கு மெலிந்தது. போதாக்குறைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், பானெட்டுக்கு அடியில் அடுப்பு மாதிரி சூடு. குளிர்சாதனமும் இயந்திரத்தின் பலத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். வரிசையில் நின்ற கார் கொஞ்சம் மந்தமாகக் கிளம்பினால் பதற வேண்டாம். காற்றோட்டமாகச் சிறிது தூரம் ஓடிய பிறகும் மந்தம் போகவில்லை என்றால் யோசியுங்கள்.

பெட்ரோலும் பிரேக்கும்

கடற்பாலம் கடக்கும் சிங்கப்பூர்க் கார்களில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். "தொட்டி நிறைந்த பாரத்தால்தான் கிளம்பவில்லை" என்று சிலர் சொல்வார்கள். அறுபது லிட்டர் தொட்டியில் முக்கால் பங்கு 45 லிட்டர். எடை சுமார் 33 கிலோ. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஏறியதற்குச் சமம். அதற்கெல்லாம் இந்தக் கார் அசராது. பெட்ரோலின் தரம்தான் முக்கியம். தரம் குறைந்தால் இயந்திரம் தட்டும்; தட்டாமல் இருக்கக் கணினி பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும்; பலம் குறையும். தொட்டி மூடியின் உட்பக்கம் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் ஊற்றுங்கள். மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவு கார்களுக்கு 95 எண் பெட்ரோல் விற்கக் கூடாது என்ற தடை 2010-லிருந்து இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்றும் பாருங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே, தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். நான்கில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலும் இதே சோர்வு வரும்.

நாலு கேள்வி, ஒரு நோட்டுப் புத்தகம்

பட்டறைக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று: கிளம்பும்போது மட்டும் சோர்வா, எல்லா வேகத்திலுமா? இரண்டு: காலைக் குளிர்ச்சியிலா, சூடேறிய பிறகா? மூன்று: மிதியை அடிவரை அழுத்தினால் மாற்றம் தெரிகிறதா? நான்கு: எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிகிறதா? கிளம்பும்போது மட்டும் என்றால் கியர் பக்கம் தேட வேண்டும். எல்லா வேகத்திலும் என்றால் காற்று, பெட்ரோல், புகைக்குழாய் பக்கம். சூடேறினால் மட்டும் என்றால் எண்ணெயும் உணரிகளும். விளக்கு எரிந்தால் கணினி தானே வாய்விட்டுச் சொல்லும். இந்த நாலு பதிலோடு போகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காரைக் காலையில் ஒரு முறை, நன்றாகச் சூடேறிய பின் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சரிவில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான். அதன்பின் புதுப்பிக்கத் தனியே பணம் கட்ட வேண்டும். பத்து ஆண்டு தாண்டிய காரை ஆண்டுதோறும் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். சான்றிதழில் எத்தனை மாதம் மிச்சம், பழுதுக்கு எவ்வளவு ஆகும் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகே கை நீட்டுங்கள்.

பழுது தீரும்வரை என்ன செய்வது? பெரிய இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவர் வந்து உங்கள் பிள்ளைகளை வளர்க்கப் போவதில்லை. சமிக்ஞை விளக்கு உள்ள சந்திப்பு அருகில் இருந்தால், சுற்றானாலும் அந்த வழியே போங்கள். முக்கியமாக, அதே காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டினால், "கிளம்ப நேரம் எடுக்கும்" என்று சொல்லி வையுங்கள். கௌரவத்துக்காக மறைத்துவிட்டால், தெரியாமல் ஓட்டுகிற மனைவிக்கோ தம்பிக்கோ அந்த 28 மீட்டர் எமனாகிவிடும். மென்று விழுங்கக் கூடாத புகார் என்று இதைச் சொல்வது அதனால்தான்.

மார்சிலிங் தம்பியின் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் நாம் கற்பனை செய்த ஆள்தானே. ஆனால் அவரைப் போன்றவர் உங்கள் மாடியிலோ உங்கள் லயத்திலோ இருக்கக்கூடும். இந்தப் பக்கத்தைக் கிழித்தாவது அவர் கையில் கொடுங்கள். நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போகுமுன் அந்தச் சின்னச் சுவிட்சை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் டயர் வழுக்குவதைப் பற்றிப் பார்ப்போம். அதுவரை நிதானமாக ஓட்டுங்கள். வணக்கம்.